மெட்டல் வால்வு உள்ளவருக்குப் பல் பிடுங்க வேண்டும்: 21 நாள் பென்சிலின் ஊசியே போதுமா?

தொண்டிக்காரன்:
இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு மெட்டல் வால்வு வைத்தவர், வயது 44. தினமும் அசிட்ரோம் (ரத்தம் கட்டாமல் இருக்கப் போடும் மாத்திரை). வாதக்காய்ச்சலுக்காக 21 நாளுக்கு ஒருமுறை 12 லட்சம் யூனிட் பென்சிலின் ஊசி. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொல்லிவிட்டார்கள். ஊசி போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது, தனியாக ஆன்டிபயாடிக் மாத்திரை எதற்கு? வீட்டில் இன்னொருவருக்கு அதே வால்வில் லேசான கசிவு, ஆபரேஷன் ஆகவில்லை. அவருக்கும் வேண்டுமா?

மண்டபம்_பல்:
போதாது. அந்த ஊசி தொண்டைக் கிருமிக்கானது. ரத்தத்தில் கொஞ்சமாகத்தான் மருந்து நிற்கும். ஈறில் குடியிருப்பது வேறு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி. பல் பிடுங்கும்போது அது ரத்தத்தில் ஏறி வால்வில் ஒட்டிவிடாமல் இருக்கத்தான் மாத்திரை. பென்சிலினோடு பழகிப்பழகி அமாக்சிசிலினுக்கும் அடங்காமல் போகலாம். அதனால் வழக்கமான 2 கிராம் அமாக்சிசிலினை விட்டு, இவருக்கு அசித்ரோமைசின் 500 மி.கி. அல்லது டாக்சிசைக்ளின் 100 மி.கி. எழுதுவார்கள். ஒரே வேளை, பல்லில் கை வைக்க 30 முதல் 60 நிமிடம் முன்பு. மறந்துபோனால் பிடுங்கி 2 மணி நேரத்துக்குள். எது என்பதை இதய டாக்டர் சொல்லட்டும். கிளிண்டாமைசின் பழைய சீட்டு. 2021-இல் அமெரிக்க இதயச் சங்கம் அதை விட்டுவிட்டது.

அசிட்ரோமை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வால்வில் ரத்தம் கட்டி இதழ் மாட்டிக்கொள்ளும். பிடுங்குவதற்கு முன் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை) பார்த்தால் போதும்.

கீழக்கரை_எக்கோ:
இரண்டாமவருக்கு மாத்திரை தேவையில்லை என்பதே இப்போதைய வழிகாட்டுதல். செயற்கை வால்வு, வளையம் வைத்துச் சரிசெய்த வால்வு, முன்பே எண்டோகார்டைட்டிஸ் (இதய உள்தோலில், வால்வில் கிருமித்தொற்று) வந்தவர், சரிசெய்யாத நீலக்குழந்தை இதயம் (உடல் நீலம் பாயும் பிறவிக் குறை): பல் வேலைக்கு மாத்திரை முக்கியமாக இவர்களுக்குத்தான். ஆனால் கசிவு ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. மூடாத இடுக்கில் ரத்தம் பீய்ச்சியடித்து உள்தோலைத் தேய்க்கும். அந்தச் சிராய்ப்பில் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் படியும், கிருமிக்கு அது மெத்தை. சுருங்கிய மைட்ரல் வால்வைவிடக் கசியும் வால்வில் இது அதிகம். ஈறில் ரத்தம் கசிந்தால் தினம் பல் தேய்க்கும்போதே கிருமி உள்ளே போகும். ஒருநாள் மாத்திரையைவிட ஈறுதான் முக்கியம்.

பாம்பன்_லேப்:
மீன்பிடி வலை வேலை என்றால் இன்னொன்று. கெளுத்தி முள், சிப்பி கீறிய புண் சீழ் பிடித்தால் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி ரத்தத்தில் ஏறலாம். உடனே கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

காரணம் தெரியாத காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால் மெடிக்கல் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள். இரண்டு மாத்திரை விழுங்கினாலே கல்ச்சரில் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி வளராமல் போகலாம். எந்த மருந்து கேட்கும் என்பதே தெரியாமல் வாரக்கணக்கில் ஊசி ஏற்ற வேண்டிவரும். முதல் மருந்துக்கு முன்பே வெவ்வேறு இடத்தில் குத்தி மூன்று தடவை ரத்தம், பாட்டிலுக்கு 10 மி.லி. வரை. "வால்வு வைத்தவர்" என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.