மறு: ‘இன்வொலூஷன்’ – கருப்பைச் சுருக்கமா, கருப்பை மீள்வா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கன்று ஈன்ற பசுவின் கருப்பை பழைய அளவுக்கும் நிலைக்கும் திரும்புவதைத்தான் ஆங்கிலத்தில் ‘இன்வொலூஷன்’ என்கிறார்கள். நம் மாட்டு மருத்துவக் கையேட்டில் அதற்கு என்ன தமிழ்ச்சொல் போடுவது என்ற பேச்சில் வந்த கருத்து இது:

> ‘கருப்பைச் சுருக்கம்’ என்றே வைத்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, தப்பாகப் புரியும். கன்று போட்டதும் தசை இறுகித் தளர்வதையும் சுருக்கம் என்றுதானே எழுதுகிறோம்? கால்சியம் குறைந்த மாட்டைப் பற்றிச் சொல்ல வந்தால், ‘கருப்பைச் சுருக்கம் குறைவதால் கருப்பைச் சுருக்கம் தாமதமாகிறது’ என்று வந்து நிற்கும். கையேட்டு வரைவில் ஏறக்குறைய இப்படி ஒரு வரி இப்போதே இருக்கிறது, பாருங்கள்.

தசைச் சுருக்கம் ஈன்ற சில நாட்களில் ஓய்ந்துவிடும். இன்வொலூஷன் வாரக் கணக்கில் நடக்கும். ஈன்றவுடன் பசுவின் கருப்பை ஏறத்தாழ 9 கிலோ. ஒரு மாதத்தில் 1 கிலோவுக்கு வந்துவிடும். குறுக்களவு பாதியாக 5 நாள், எடை பாதியாக ஒரு வாரம், நீளம் பாதியாக 15 நாள் என்பது பாடநூல் கணக்கு. அளவு குறைவதோடு முடியவில்லை. நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த குமிழ்கள் செத்து உதிர்ந்து, அந்த இடத்தில் புதிய உட்படலம் படர வேண்டும். மேற்பரப்பு 25 நாள் வாக்கில் மூடிக்கொள்ளும். அடித்திசு சீராக 6 முதல் 8 வாரம் ஆகும். ஆசனவாய் வழியே கைவிட்டுப் பார்க்கும் மருத்துவர், கருப்பை இடுப்புக் குழிக்குள் திரும்பிவிட்டதா, அதன் இரண்டு கொம்பும் (கருப்பையின் இரு கிளைகளும்) ஏறக்குறைய ஒரே பருமனா என்றுதான் தடவிப் பார்க்கிறார். (கன்று இருந்த கொம்பு கொஞ்சம் பருத்தே இருக்கும், அது கோளாறு இல்லை.) இத்தனையும் ‘சுருக்க’த்துக்குள் அடங்காது.

‘உட்சுருள்வு’ வேண்டாம், அங்கே எதுவும் சுருளவில்லை. ‘பின்னடைவு’ அதைவிட மோசம், நல்லபடியாக நடக்கிற வேலைக்கு நோயின் பெயரை வைத்த மாதிரி.

என் பரிந்துரை ‘கருப்பை மீள்வு’. வினையாகவும் தடையில்லாமல் ஓடுகிறது: ‘கருப்பை மீண்டுவிட்டது’, ‘இன்னும் மீளவில்லை’. மீள்வுக் காலம், மீள்வுத் தாமதம், குறைமீள்வு என்று கிளைச்சொற்களும் கிடைக்கும். ‘மீட்சி’யில் யாரோ சிகிச்சை கொடுத்து மீட்ட வாடை அடிக்கிறது. ‘சுருக்கம்’ தசைக்கே இருக்கட்டும்.

அப்புறம் லோக்கியா, அதாவது ஈன்றபின் கருப்பையிலிருந்து வழியும் கழிவு. ‘தீட்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுவும் சரி, ‘அழுக்கு’ம் சரி, கையேட்டுக்கு ஆகாது. ஈன்ற 2, 3 வாரம் வரை கழியும் செம்பழுப்புத் திரவம், துர்நாற்றம் இல்லாதவரை இயல்பானதுதான். அதை அழுக்கு என்று அச்சிட்டால், கழுவுவதற்கு மருந்து கேட்டு வருவார்கள். ‘தலை ஈற்று’ புழக்கத்தில் இருக்கும் சொல்தானே? அதை ஒட்டி ‘ஈற்றுக் கழிவு’ எனலாம். நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்தால் அது கருப்பை அழற்சி. அந்தச் சொல் நிலைத்துவிட்டது, தொட வேண்டாம்.

மேலே ‘குமிழ்’ என்று பொதுவாகப் போட்டிருக்கிறேன். தாய்ப்பக்கம் ‘கருப்பைக் குமிழ்’, கன்றின் பக்கம் ‘கொடிக் குமிழ்’ என்று பிரித்துக்கொள்ளலாமா? மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், அடுத்த வரைவில் ஏற்றிவிடுகிறேன்.