பனி விழுவதற்குள் வீட்டில் முதலில் எதைச் செய்வது?

புதுவாசல்:
வணக்கம். தனி வீடு, கட்டி சுமார் 30 வருஷம். வீட்டைச் சூடாக்க கேஸ் ஃபர்னஸ், கீழே பேஸ்மென்ட், மேலே குனிந்தே போக வேண்டிய பரண். தோட்டத்துப் பக்கம் ஒரு குழாய், கார் நிறுத்தும் பக்கம் ஒரு குழாய். குளிர்காலத்தில் மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். உறைபனி தொடங்க இன்னும் மூன்று நான்கு வாரம்தான், அதிலும் வார இறுதிகளில் மட்டுமே வேலை செய்ய முடியும். தேடினால் கிடைக்கிற பட்டியல்களில் நாற்பது ஐம்பது வேலை இருக்கிறது, எல்லாமே அவசரம் என்கிறார்கள். எதைத் தள்ளிப்போட்டால் பரவாயில்லை, எதைத் தள்ளிப்போட்டால் வீட்டுக்குச் சேதம்? ஜன்னல் ஓரமாகக் காற்று வருகிறது, பரணில் சூடு வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷன் குறைவாகத் தெரிகிறது. அந்த இரண்டில் தொடங்கலாம் என்று இருக்கிறேன்.

குழாய்வால்வு:
ஜன்னல் காத்திருக்கும், தண்ணீர் காத்திருக்காது. வெளிக்குழாய்களை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். பைப் பிளப்பது பெரும்பாலும் பனிக்கட்டி பிடித்த இடத்திலேயே அல்ல. அந்தக் கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரில் அழுத்தம் எகிறி, அந்தப் பகுதியில் எது வலுவில்லையோ அது வாய்விடும்.

முதலில் ஹோஸைக் கழற்றுங்கள். பிறகு குழாய் எந்த வகை என்று பாருங்கள். திருகும் தண்டு சுவருக்குள் நேராகப் போகிறது என்றால் பெரும்பாலும் அது உறையாத வகை. அதில் தண்ணீரை அடைக்கும் வாஷர் வெளியே இல்லை, 20 முதல் 30 செ.மீ. உள்ளே, வீட்டுச் சூடு படும் இடத்தில் இருக்கிறது. மூடிய பிறகு சில நொடி சொட்டுவது பழுதல்ல, நடுவில் நின்ற தண்ணீர் வடிகிறது. ஹோஸ் மாட்டியே இருந்தால் அது வடிய வழியில்லை. சுவருக்குள் இருக்கும் செப்புக்குழல் நீளவாக்கில் கீறிக்கொள்ளும். குளிர்காலம் முழுக்க ஒன்றும் தெரியாது, ஏனென்றால் மூடிய வாஷரைத் தாண்டித்தான் அந்தக் கீறல் இருக்கும். வசந்தத்தில் செடிக்குத் தண்ணீர் விடத் திறக்கும்போது வெளியே பாதி, சுவருக்குள் பாதி என்று கொட்டும். ஹோஸைக் கழற்ற ஆகும் நேரம் அரை நிமிஷம்.

சாதாரணக் குழாய் என்றால் பேஸ்மென்டில் அந்த லைனுக்கு ஒரு அடைப்பு வால்வு இருக்கும். அதை மூடுங்கள். வெளியே போய்க் குழாயைத் திறந்து வடிய விடுங்கள். மறுபடி உள்ளே வந்து, வால்வின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன வடிமூடியின் கீழ் ஒரு டப்பாவைப் பிடித்துக்கொண்டு அதைத் திருகித் திறந்தால் மிச்சமும் இறங்கும். வடிமூடியை மூடிவிடுங்கள், வெளிக்குழாயைத் திறந்தபடியே விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வெளிக்குழாய் இன்னும் சொட்டினால் உள் வால்வு முழுதாக அடைக்கவில்லை என்று அர்த்தம். அதை மாற்றாமல் குளிர்காலத்துக்குள் போகாதீர்கள்.

வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்குகளையும் பாருங்கள். கடுங்குளிர் இரவில் சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் அறைச் சூடு பைப்பைத் தொடும். காப்பு இல்லாத பைப்புக்கு வெளியே மைனஸ் 6, 7 வந்தாலே ஆபத்து. நுரைக் காப்புறை போட்டால் குளிர் தாமதமாகும், தடுக்காது. சூடே வராத மூலையில் காப்புறை மட்டும் போட்டுப் பயனில்லை. சூடாக்கும் கேபிள் சுற்றுவதானால் ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறக் கூடாது. ஏறிய இடத்தில் சூடு தேங்கித் தீப்பிடிக்கலாம்.

கடைசியாக, வீட்டின் பிரதான வால்வு எங்கே என்று பார்த்து, ஒருமுறை மூடித் திறந்து, ஒரு சீட்டுக் கட்டிவிடுங்கள். பைப் உடைந்த இரவில் தேடுகிற பொருள் அல்ல அது.

நீலச்சுவாலை:
அடுத்தது ஃபர்னஸ். குளிர் வருவதற்கு முன்பே ஒருநாள் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். முதல் தடவை தூசி கருகும் நாற்றம் வரும், ஜன்னலைத் திறந்து வைத்தால் சீக்கிரமே போய்விடும். போகவில்லை என்றாலோ பிளாஸ்டிக் எரிவதுபோல் இருந்தாலோ அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் அது கேஸ் கசிவு. சுவிட்சைத் தொடாமல் எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து போன் செய்யுங்கள்.

ஃபர்னஸுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஃபில்டரின் சட்டத்தில் உள்ள அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்து இருக்க வேண்டும், அறையைப் பார்த்து அல்ல. ரொம்ப நெருக்கமான ஃபில்டர்தான் நல்லது என்று நினைத்து மெர்வ் 13 (மெர்வ் என்பது ஃபில்டரின் வடிகட்டும் திறனைச் சொல்லும் எண், எண் கூடினால் நெருக்கம் கூடும்) வாங்கி மெல்லிய சட்டத்தில் போடுகிறவர்கள் உண்டு. காற்றைத் தள்ளும் பழைய ஊதிகளுக்கு அது பாரம். காற்று போதாமல் உள்ளே சூடு ஏறி, பாதுகாப்பு சுவிட்ச் பர்னரை அணைக்கும். ஆறியதும் மறுபடி பற்றும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இப்படி நடந்தால் முதலில் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு மெர்வ் 8 போதும், சீசனில் மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்தால் சரி.

சுவர் வழியாக வெளியே வரும் இரண்டு வெள்ளைப் பிவிசி பைப் இருந்தால் உங்களுடையது கண்டென்சிங் வகை, அதாவது புகையில் உள்ள நீராவியைக் குளிர்வித்து அந்தச் சூட்டையும் எடுத்துக்கொள்ளும் ஃபர்னஸ். அந்த இரண்டு வாயும் பனிக் குவியலுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே அதன் கழிவுநீர்க் குழாயில் உள்ள டிராப்பை (தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) கழற்றிக் கழுவுங்கள், அது அடைத்துக்கொண்டால் ஃபர்னஸ் பற்றவே பற்றாது.

பர்னர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் (எரியும் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் உலோகப் பகுதி) சோதனை உங்கள் வேலை அல்ல, வருஷம் ஒருமுறை அதற்கென்று ஆள் வரட்டும். கார்பன் மோனாக்சைடு என்ற மணமில்லாத நச்சு வாயுவுக்கான அலாரம் ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைப் பக்கத்திலும் வேண்டும். பட்டனை அமுக்கிச் சத்தம் வருகிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள், அந்தச் சத்தம் சென்சார் உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சாட்சி இல்லை. பின்பக்கத்தில் காலாவதி தேதி இருக்கும், தாண்டியிருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

புதுவாசல்:
இருவருக்கும் நன்றி. தோட்டத்துக் குழாய் உறையாத வகை, மற்றது சாதாரணம். இரண்டிலும் ஹோஸ் மாட்டித்தான் இருந்தது! ஜன்னல் பற்றி ஒரு சந்தேகம்: வெளிப்பக்கம் சட்டத்தின் அடியில் நீளவாக்கில் இரண்டு சின்ன ஓட்டை இருக்கிறது. அதையும் சிலிகான் வைத்து அடைத்துவிடலாமா? பரணில் இருக்கும் இன்சுலேஷன் மேலேயே இன்னொரு அடுக்கு விரிக்கலாமா?

பரண்பூனை:
அந்த ஓட்டையைத் தொடாதீர்கள். சட்டத்துக்குள் புகுந்த மழைநீர் வெளியேறும் வழி அது. அடைத்தால் தண்ணீர் உள்பக்கம் திரும்பி, ஜன்னல் திண்டில் மரம் உப்பும். வீட்டை இறுக்கமாக்குகிறேன் என்று முதலில் நடக்கும் தவறு இதுதான்.

காற்று எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க, காற்றடிக்கும் நாளில் சமையலறை, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்களை ஓடவிட்டு, ஜன்னல்களை மூடி, கொளுத்திய ஊதுபத்தியைச் சட்டத்தை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். திரைச்சீலையைக் கட்டி வையுங்கள். புகை நேராக ஏறினால் சரி, படுத்தால் அங்கே கசிவு. அசையாத இடைவெளிக்கு சீலன்ட். 6 மி.மீ.க்கு மேல் அகலமானால் முதலில் நுரைக் கயிற்றைத் திணித்து அதன்மேல் சீலன்ட், இல்லையென்றால் காய்ந்து சுருங்கிப் பிளக்கும். திறந்து மூடும் ஜன்னல் பலகைக்கு ஒட்டுப்பட்டை. பட்டை ஒட்டும் முன் சட்டத்தை ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிடுங்கள். குளிர் இறங்கிய பிறகு ஒட்டினால் பசை பிடிக்காது. இதைத் தள்ளிப்போட முடியாததற்கு அது ஒன்றுதான் காரணம்.

பரணுக்கு வருவோம். மேலே இன்னொரு அடுக்கு விரிப்பதற்கு முன் பழைய இன்சுலேஷனை அங்கங்கே தூக்கிப் பாருங்கள். கண்ணாடி நார் சில இடங்களில் மட்டும் கறுத்திருக்கும். பலர் அதைப் பூஞ்சை என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் அது வெறும் தூசி. கீழேயிருந்து கசியும் சூடான காற்று நாரில் வடிகட்டப்பட்டுப் படிந்த அழுக்கு, அதாவது அந்த இடத்துக்குக் கீழே ஓட்டை இருக்கிறது. மின்கம்பி மேலேறும் துளை, கழிவுக் குழாயைச் சுற்றிய இடைவெளி, பரண் கதவின் நான்கு ஓரம் எல்லாவற்றையும் அடைத்த பிறகே புது அடுக்கு. புகைபோக்கியைச் சுற்றி மட்டும் சாதாரண நுரை கூடாது. தகடு வைத்து, அதிக வெப்பம் தாங்கும் சீலன்ட். புது அடுக்கில் காகித உறை இருக்கக் கூடாது, நடுவில் ஈரம் சிக்கும். கூரை விளிம்பில் காற்று நுழையும் துவாரங்களை மூடிவிடாதீர்கள். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாய் பரணுக்குள்ளேயே முடிகிறதா என்றும் பாருங்கள், அப்படி இருந்தால் அதை வெளியே கொண்டுபோக வேண்டும்.

இந்தக் கசிவை அடைக்காவிட்டால் வருவதுதான் கூரை ஓரப் பனிக்கட்டி. பரணில் ஏறிய சூடு கூரைப் பனியை உருக்கும், அந்தத் தண்ணீர் சூடில்லாத விளிம்புக்கு வந்து மறுபடி உறைந்து அணை கட்டும். பின்னால் தேங்குகிற தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறி, சீலிங்கில் கறையாகத் தெரியும். கூரை விளிம்பில் உள்ள மழைநீர்க் கால்வாயைச் சுத்தம் செய்தால் இது வராது என்பார்கள். வரும். சுத்தம் செய்ய வேண்டியது வேறு காரணத்துக்காக: நிரம்பி வழிந்தால் அந்த நீர் அஸ்திவாரத்தில் இறங்கும். மரங்கள் முழுக்க இலை உதிர்த்த பிறகு ஒருமுறை போதும். ஏணியின் அடியை 4 பங்கு உயரத்துக்கு 1 பங்கு சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், கால்வாய் மேல் சாய்க்காதீர்கள், வளைந்துவிடும். இறங்குகுழாயின் வாய் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளிக் கொட்ட வேண்டும்.

புதுவாசல்:
தெளிவாகிவிட்டது. நடுக்குளிரில் இரண்டு வாரம் வீடு பூட்டியிருக்கும். ஃபர்னஸை அணைத்துவிட்டுப் போகலாமா?

குழாய்வால்வு:
அணைக்காதீர்கள். 13 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டாம். பிரதான வால்வை மூடி, மேல் தளத்தில் ஒரு குழாய், அடித்தளத்தில் ஒரு குழாய் திறந்து வடித்து, கழிப்பறைத் தொட்டியையும் ஒருமுறை ஃப்ளஷ் செய்துவிட்டுப் போங்கள். வடித்த பிறகு கரன்ட் போய் ஃபர்னஸ் நின்றாலும் உடைய அதிகம் மிச்சம் இருக்காது. வாட்டர் ஹீட்டர் தொட்டியை வடிப்பதானால் முதலில் அதை அணைத்து ஆறவிடுங்கள். மின்சார வகையில் தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் எலிமென்ட் கருகிவிடும். வீட்டுக்குள் தீயணைப்புத் தெளிப்பான் இணைப்பு இருந்தால் மட்டும் பிரதான வால்வைத் தொடும் முன் அதற்கான ஆளிடம் கேளுங்கள்.

திரும்பி வந்து ஏதாவது ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் வராவிட்டால் அங்கே உறைந்திருக்கிறது. அந்தக் குழாயைத் திறந்து வைத்தபடி, குழாய்ப் பக்கத்திலிருந்து உள்நோக்கி ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். நடுவில் தொடங்கினால் உருகிய நீருக்கு வெளியேற வழியிருக்காது. நெருப்புச்சுவாலை வேண்டவே வேண்டாம்.