பள்ளிக் கட்டடத்துக்கு ஜியோதெர்மல் போடலாமா?

வடகரை:
இந்தியானாவில் ஒரு பள்ளியில் கட்டடப் பராமரிப்பு என் பொறுப்பு. கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர், குளிராக்கும் சில்லர் இரண்டுக்கும் வயதாகிவிட்டது. ஜியோதெர்மல் ஹீட் பம்ப் போடலாம் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு. வெந்நீர் ஊற்று எதுவும் இல்லாத ஊரில் இது வேலை செய்யுமா? கான்ட்ராக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

குழாய்க்காரன்:
ஊற்றெல்லாம் வேண்டாம் தம்பி. உங்கள் பக்கம் ஆழத்தில் மண் வருஷம் முழுக்க 12, 13 டிகிரி செல்சியஸ்தான். துளை போட்டு, அதில் இறக்கிய குழாயில் தண்ணீரைச் சுற்றவிட்டு, குளிர்காலத்தில் அந்த மண்ணிலிருந்து சூட்டை எடுக்கிறோம், கோடையில் கட்டடத்துச் சூட்டை அதிலேயே இறக்குகிறோம். உங்கள் மாநிலத்திலேயே மன்சியில் பால் ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். நிலக்கரி பாய்லர்களை நிறுத்திவிட்டு, 400, 500 அடி ஆழத்தில் சுமார் 3,600 துளை போட்டு வளாகத்தையே ஓட்டுகிறார்கள்.

கான்ட்ராக்டர் துளைக் கணக்கைத்தான் முதலில் நீட்டுவார். நீங்கள் வருஷக் கணக்கைக் கேளுங்கள்: மண்ணிலிருந்து எவ்வளவு சூடு எடுக்கிறோம், எவ்வளவு திரும்பப் போடுகிறோம்? நியூ ஜெர்சியில் ஸ்டாக்டன் கல்லூரி 1990களில் 400 துளை போட்டது. ஏசி தேவைதான் அங்கே அதிகம். போகப்போக மண்ணே சூடேறிவிட்டது. உங்களுக்கு இது தலைகீழாகலாம். கோடை விடுமுறையில் பள்ளி பூட்டிக் கிடந்தால் மண்ணுக்குச் சூடு திரும்பாது, வருஷத்துக்கு வருஷம் குளிர்ந்துகொண்டே போகும்.

அப்புறம் சோதனைத் துளை. ஒரு துளையில் சூடாக்கிய தண்ணீரை இரண்டு நாள் சுற்றவிட்டு, போகும்போது என்ன டிகிரி, வரும்போது என்ன டிகிரி என்று பார்ப்பார்கள். உங்கள் மண் சூட்டை எவ்வளவு வாங்கும் என்று அதில் தெரியும். இதற்குச் செலவு செய்ய மாட்டேன் என்பவரிடம் வேலையே கொடுக்காதீர்கள்.

ஃப்ளஷிங்கின்போது, அதாவது குழாய்க்குள் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சிக் கழுவும்போது, பக்கத்திலேயே நில்லுங்கள். நான் பார்த்துக்கொண்ட ஒரு கட்டடத்தில் அவசரமாக முடித்துவிட்டார்கள். முதல் குளிர்காலத்தில் ஸ்ட்ரெய்னரை (குழாயில் இருக்கும் வடிகட்டி) திறந்தால் மணலும், குழாய் அறுத்த கறுப்புப் பிளாஸ்டிக் சீவலும் கை நிறைய. பம்ப் சீல் போனதுதான் மிச்சம்.

அம்பத்தூர் ஏசி:
சென்னைக்கு இது சரிப்படுமா அண்ணே?

குழாய்க்காரன்:
பெரிய ஆபீசுக்கு நான் சொல்ல மாட்டேன். அங்கே மண்ணே 28 டிகிரியை ஒட்டி இருக்கும், இறக்கிய சூட்டைத் திரும்ப எடுக்கக் குளிர்காலமும் கிடையாது. கட்டடத்துச் சூட்டைக் காற்றில் விடும் கூலிங் டவரே கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்துவிடும். தினமும் வெந்நீர் தேவைப்படும் ஆஸ்பத்திரி, ஹோட்டல் என்றால், துளையே போடாமல் ஏசி வெளியே தள்ளும் சூட்டில் தண்ணீர் காய்ச்சலாம்.

வடகரை:
நன்றி அண்ணே. விடுமுறைக் கணக்கை இதுவரை யாரும் பேசவே இல்லை. ஜூலையில் எங்கள் ஜிம்மில் மட்டும் கேம்ப் நடக்கும், அதையும் சேர்த்துப் போடச் சொல்கிறேன்.