மாஸ்டரைத் தொட்ட இடத்துல மட்டும் சிலிக்கோன் செட் ஆகலை: உதவி தேவை

கேள்வி
3டி பிரிண்டர்ல ரெசின்ல அச்சடிச்ச மாஸ்டர் (மோல்டு எடுக்கிற மூல உருவம்) வெச்சு பிளாட்டினம் சிலிக்கோன் (பிளாட்டினம் வினையூக்கியால இறுகுற ரகம்) மோல்டு ஊத்தினேன். வெளிப்பக்கம் நல்ல ரப்பராயிடுச்சு. மாஸ்டரை ஒட்டின படலம் மட்டும் பிசுபிசுன்னு இருக்கு. எழுத்து பொறிச்ச பள்ளத்துல கூழாவே நிக்குது. சிலிக்கோனோட ஏ, பி பாகம் ரெண்டும் எடை போட்டு 1:1 கலந்ததுதான். மாஸ்டரை ஐபிஏவில் (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) கழுவி, யூவி (புற ஊதா ஒளி) பெட்டியில் 10 நிமிஷம் வெச்சேன். கலவை தப்பா, சிலிக்கோனே மட்டமா?

பதில் 1
ரெண்டும் இல்லைங்க. கலவை தப்புன்னா பிசுபிசுப்பு மோல்டு முழுக்கவோ திட்டுத்திட்டாவோ இருக்கும். மாஸ்டரைத் தொட்ட இடத்துல மட்டும்னா, பிரிண்ட்டில் மிச்சமிருக்கிற மோனோமரும் (இறுகாத ரெசின்) ஃபோட்டோஇனிஷியேட்டரும் (ஒளி பட்டதும் ரெசினை இறுகத் தூண்டுற பொருள்) பிளாட்டினம் வினையூக்கியை முடக்கியிருக்கு. பள்ளத்துல ரெசின் தங்கும், அதான் அங்கே அதிகம். அந்தப் படலம் சூடு காட்டினாலும் இனி இறுகாது. மோல்டைத் தூக்கிப் போட்டுடுங்க.

மாஸ்டரைக் காப்பாத்தலாம். கூழை ஐபிஏ நனைச்ச துணியால துடைச்சு, ரெண்டு குளியல் கொடுங்க: முதல்ல பழைய ஐபிஏ, அப்புறம் புதுசு, தலா 3 நிமிஷம். பள்ளங்களை மென்மையான பிரஷ்ஷால தேயுங்க. ரொம்ப நேரம் ஊறவிட்டா ரெசின் ஐபிஏவைக் குடிச்சு உப்பும், பிறகு வெடிப்பு விடும். காத்தடிச்சு, ஈரப் பளபளப்பு ஒரு இடத்துலயும் இல்லாத வரைக்கும் காய விடுங்க. ஈரத்தோட யூவியில் வைக்கிறதுதான் பலர் சறுக்குற இடம்.

அடுத்து, கண்ணாடிப் பாத்திரத்துல தண்ணிக்குள்ள முக்கி யூவி காட்டுங்க. காத்துல இருக்கிற ஆக்சிஜன் மேல்படலத்தை இறுக விடாது. தண்ணி அதைத் தடுக்கும். எல்லாப் பக்கமும் திருப்பிப் போடுங்க. துடைச்சுக் காய வெச்சு, 60 டிகிரி செல்சியஸ்ல 6–8 மணி நேரம் சூடு. மெல்லிய பாகம் வளையும், தட்டையா தாங்கல் கொடுங்க. சமையலுக்குப் பயன்படுற அவன் வேண்டவே வேண்டாம்.

பதில் 2
மேலே சொன்னதோட, ரெசினுக்கும் சிலிக்கோனுக்கும் நடுவுல தடுப்பா தெளிவான அக்ரிலிக் ஸ்ப்ரே 2 மெல்லிய கோட் அடிச்சு ஒரு நாள் காய விடுங்க. தடிமனா அடிச்சா உங்க எழுத்தோட விளிம்பு மழுங்கிடும். 400, அப்புறம் 800 நம்பர் உப்புத்தாளால ஈரமா தேய்க்கிறதா இருந்தா ஸ்ப்ரேக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. லேயர் கோடு தெரிஞ்சா சிலிக்கோன் அதையும் அப்படியே எடுக்கும்.

மாஸ்டரோட சேர்த்து அதே ரெசின்ல ஒரு சின்ன வில்லையும் பிரிண்ட் பண்ணி, ரெண்டுக்கும் ஒரே பக்குவம் செய்யுங்க. முதல்ல வில்லை மேல ஒரு ஸ்பூன் சிலிக்கோன். முழு செட் நேரம் கழிச்சு உரிச்சுப் பாருங்க. துளி பிசுக்கு இருந்தாலும் மாஸ்டர் மேல ஊத்தாதீங்க.

கேட்டவர்
நன்றிங்க. மாஸ்டர் உள்ளே வெறுமை, 2 மி.மீ. சுவர், அடியில ஓட்டை இருக்கு. பாதி களிமண்ணுல பதிச்சு, லேடெக்ஸ் கையுறை போட்டுத்தான் வேலை செய்றேன். இதுல ஏதாவது பிரச்சனையா?

பதில் 1
மூணுமே பிரச்சனைதான். லேடெக்ஸ்ல கந்தகம் உண்டு, அதுவும் பிளாட்டினத்தை முடக்கும், நைட்ரைலுக்கு மாறுங்க. மாடலிங் களிமண் பலதுலயும் கந்தகம் இருக்கு. கந்தகமில்லாததுன்னு போட்டிருக்கிறதையே வாங்குங்க.

வெறும் உட்பக்கத்துல தங்கின திரவ ரெசின் நாளாக நாளாக கசியும், சில சமயம் சுவரையே வெடிக்க வைக்கும். ஊசி சிரிஞ்சால ஐபிஏ பாய்ச்சி அலசி, ஓட்டை வழியா சின்ன யூவி எல்இடி விட்டு உள்ளேயும் இறுக்குங்க. பிரஷர் பாட்ல (காத்தழுத்தம் ஏத்துற பாத்திரம்) ஊத்துறதா இருந்தா மெல்லிய சுவர் நசுங்கலாம். சின்ன மாஸ்டர்னா திடமாவே பிரிண்ட் பண்ணிடலாம்.

பதில் 2
எதுவும் சரிவரலைன்னா டின் சிலிக்கோன் (பிளாட்டினத்துக்குப் பதிலா வெள்ளீய வினையூக்கியால இறுகுற ரகம்). ரெசின் அதைப் பெரும்பாலும் தடுக்காது. ஆனா பிளாட்டினத்தைவிட அதிகம் சுருங்கும், மோல்டும் சீக்கிரம் கெட்டுப்போகும். பொம்மைக்கு ஓகே; அளவு பொருந்த வேண்டிய பாகம்னா பிளாட்டினத்தையே சரிப்படுத்துங்க.