தன்னாட்சிப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தப் பணம் கிடையாதா?

ஆய்வு மாணவி:
எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு மாதமாக உதவித்தொகை வரவில்லை. கேட்டால் "மானியம் வரட்டும்" என்கிறார்கள். தன்னாட்சி என்பதற்கு என்னதான் பொருள்?

ஓய்வுபெற்ற நிதிப்பிரிவு அலுவலர்:
பாடத்திட்டம் வகுக்க, பட்டம் வழங்கத் தன்னாட்சி உண்டு மகளே. பணத்தில் அது பாதிதான். கல்லூரிகள் கட்டும் இணைப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், தொலைநிலைக் கல்வி: இவைதான் எங்கள் சொந்த வருமானம். தேர்வு விண்ணப்பக் காலத்தில் என் மேசை கொள்ளாமல் வரைவோலைகள் குவியும். மாதக் கடைசியில் ஓய்வூதியப் பட்டியல் வரும், பாதி அதிலேயே கரைந்துவிடும். தணிக்கையில் ஆட்சேபணை எழுந்தால் மானியமும் குறையும். ஆய்வாளர்களைக் காக்கவைத்த மாதங்களில் எனக்குத் தூக்கம் வந்ததில்லை.

கல்லூரி ஆசிரியர்:
கொடையாளர்கள் பல்கலைக்கழகம் தொடங்கினால் இந்தச் சிக்கல் வராதே?

ஓய்வுபெற்ற நிதிப்பிரிவு அலுவலர்:
அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையில் எழுந்தது. நிதி நெருக்கடி முற்றி, 2013-இல் அரசு தனிச்சட்டம் இயற்றி நிர்வாகத்தை ஏற்றது. தொடக்கக் கொடை மட்டும் போதாது. தொட முடியாத மூலதன நிதி வேண்டும், அதன் வட்டியில்தான் செலவழிக்க வேண்டும். அவசரத்துக்கு அதை உடைத்தால் அடுத்த ஆண்டு மறுபடி அரசு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

மகளே, உன் தொகை பல்கலைக்கழக நிதியா, தில்லியிலுள்ள பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நேரடி உதவித்தொகையா? ஆணையைப் பார்த்துச் சொல். இரண்டுக்கும் கேட்கும் இடம் வேறு.