பழைய பாட்டுக்கு வாயசைக்கிற நாடகம்: உதவி வேணும்

வணக்கம் மக்களே, காட்பாடியிலிருந்து எழுதுறேன்.

பிரிட்டிஷ் நாடகாசிரியர் டென்னிஸ் பாட்டர் பிபிசி டிவிக்கு எழுதின ‘பென்னீஸ் ஃப்ரம் ஹெவன்’ (1978) தொடர் பார்த்ததிலிருந்து தூக்கம் போச்சு. 1930களில் இசைத்தாள் விற்கிற ஒருத்தன். வீட்டில் கசப்பு. திடீர்னு பழைய ரெக்கார்டு ஒலிக்கும், அதுக்கு வாயசைப்பான், அதுவும் பெண் குரலுக்கு! அவரே எழுதின இன்னொரு தொடர் ‘தி சிங்கிங் டிடெக்டிவ்’ல (1986) தோல் நோயாளி படுக்கையைச் சுற்றி டாக்டர்களே ஆடுவாங்க. நம்ம சினிமா டூயட் மாதிரிதானேன்னு கேட்காதீங்க. இங்கே பாட்டு முடிஞ்சதும் அதே கட்டில், அதே வலி.

இதே பாணியில் 40 நிமிஷ நாடகம் போடுறோம். பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுத்துற அம்மா. மடியில் முறம், நகத்தால் முனையை மடக்கிட்டே இருக்காங்க. கணக்குப் பார்க்கிறவர் பாதி பீடிக் கட்டுகளைச் சரியில்லைன்னு கழிச்சுடுறார். அந்த நொடி டி.எம்.எஸ். குரல் அவங்க வாயிலிருந்து வரணும்.

சிக்கல் என்னன்னா, கணக்குப்பிள்ளையா நடிக்கிற பையன் கூத்துக்காரர் வீட்டுப் பிள்ளை. வாயை மட்டும் அசைடான்னா தொண்டையைத் திறந்து பாடிடுறான்! இதுக்கு ஏதாவது பயிற்சி இருக்கா?

நீண்ட முன்னிசை இல்லாம, எடுத்த எடுப்பிலேயே பல்லவி வர்ற 1950கள் பாட்டுகள் சொல்லுங்க, ஆண் குரல்னா நல்லது. வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் யார்கிட்டயாவது ஓடுற கிராமபோன் இருந்தா ஒரு மணி நேரம் பதிவு பண்ண விடுவீங்களா? அந்தக் கரகரப்பு இல்லாம கனவு ஒட்டவே மாட்டேங்குது. பெட்டியைத் தூக்க நாங்களே ஆட்டோவோட வர்றோம்.