பக்கத்து வீட்டுப் பாட்டி விட்டுச்சென்ற பெட்டிகள்: மொத்தமாகக் கொடுத்துவிடலாமா, ஏலத்தில் போடலாமா?

வாணி_ஹாரோ எழுதியது:

வணக்கம். எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டி மார்ச் மாதம் காலமானார். ஒன்பது வருடமாக அவருக்குக் கடைகண்ணி போய்வந்ததும் மருந்து எடுத்துக்கொடுத்ததும் நான்தான். மாடி அறையில் இருக்கும் பெட்டிகளும் பையும் எனக்கு என்று உயிலில் எழுதியிருக்கிறார். மூன்று உருப்படிகள்.

முதலாவது, லூயி வுய்ட்டன் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் டிரங்குப் பெட்டி. மூடியில் பாட்டியின் அப்பாவுடைய தலைப்பெழுத்துகள்; பக்கவாட்டில் கொழும்பு என்று அச்சிட்ட கப்பல் கம்பெனிச் சீட்டு பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் மலைநாட்டுத் தோட்டத்தில் துரையாக இருந்தவராம். இரண்டாவது, முதலைத்தோல் ஒப்பனைப் பெட்டி. உள்ளே வெள்ளி மூடி போட்ட கண்ணாடிக் குப்பிகள், தந்தம் போலத் தெரியும் முதுகு வைத்த பிரஷ்கள். தூக்கினால் தோள் இறங்கிவிடும். மூன்றாவது ஒரு கறுப்புக் கைப்பை, பாட்டி தேவாலயத்துக்குக் கொண்டுபோவது. பொன் எழுத்து தேய்ந்து 'பாரிஸ்' மட்டும் தெரிகிறது.

பழம்பொருள் வாங்கும் ஒருவர் வந்தார். டிரங்குக்கு 1,800 பவுண்டு தருகிறேன், மற்ற இரண்டையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள், உங்களுக்கும் இடம் காலியாகும் என்றார். கைப்பையின் வாரைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டார். கொடுத்துவிடலாமா? எப்படியும் விற்கப்போகிறோமே, எல்லாவற்றையும் மெழுகு போட்டுத் துடைத்து வைக்கலாம் என்றிருக்கிறேன்.

பழைய_பூட்டு எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்தத் துணியைக் கீழே வையுங்கள். மெழுகும் வேண்டாம், ஈரத்துணியும் வேண்டாம். கொழும்புச் சீட்டை நகத்தால் சுரண்டவும் வேண்டாம். பெட்டி எங்கே பயணம் போனது என்பதற்கு அதுதான் சாட்சி.

எசெக்ஸ் பக்கம் ஓர் ஏலக்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தேன். முதல் ஆறு ஆண்டுகள் சுமை தூக்கினேன், பிறகு விற்பனைப் பட்டியல் எழுதினேன். உங்கள் வீட்டுக்கு வந்தவர் விலை பேசியது டிரங்குக்கு. அவர் மனம் போனது கைப்பைக்கு. இல்லாவிட்டால் வாரின் பின்பக்கத்தை டார்ச் வைத்து யார் பார்ப்பார்கள்?

மடிப்பு மூடி, முன்னால் இரண்டு வார், திருகும் பூட்டு, ஒற்றைக் கைப்பிடி. இப்படி இருந்தால் அது ஹெர்மேஸ் என்ற பாரிஸ் கம்பெனியின் 'கெல்லி' பையாக இருக்கலாம். நடிகை கிரேஸ் கெல்லி 1956இல் அந்தப் பையோடு எடுத்துக்கொண்ட படத்தால் புகழ் பெற்றது. கம்பெனி அந்தப் பெயரை முறைப்படி வைத்தது 1977இல்தான். பழைய பைகளில் வாரின் பின்புறம் ஓர் எழுத்தை அழுத்தியிருப்பார்கள். அதுதான் செய்த ஆண்டு. எழுத்து மட்டும் தனியாக இருந்தால் 1945 முதல் 1970க்குள். வட்டத்துக்குள் இருந்தால் 1971 முதல் 1996 வரை. சதுரத்துக்குள் என்றால் 1997 முதல் 2014 வரை. (2015க்குப் பிறகும் எழுத்தைச் சுற்றி எதுவும் கிடையாது. ஆனால் பாட்டி தேவாலயத்துக்குப் புதுப்பை வாங்கியிருக்கமாட்டார்.) போலிகளிலும் எழுத்து உண்டு என்பதால் தையலையும் பாருங்கள். கையால் இரண்டு ஊசி கொண்டு தைத்தது இலேசாகச் சாய்ந்து ஓடும். மெஷின் தையல் வகிடு எடுத்ததுபோல நேராக இருக்கும். அடிப்பக்க அகலத்தை சென்டிமீட்டரில் அளந்து சொல்லுங்கள்.

டிரங்குக்கு வருகிறேன். மூடியின் உட்புறம் காகிதச் சீட்டு இருக்கும். அதில் பாரிஸ் முகவரி '70, ஷான்ஸ் எலிசே' என்றிருந்தால் 1914க்கு முந்தியதல்ல. 'ரூ ஸ்க்ரீப்' மட்டும் என்றால் அதைவிடப் பழையது. எல்.வி. எழுத்தும் பூவும் போட்ட கான்வாஸ் 1896இல் வந்தது. சதுரக் கட்டம் 1888இல். கோடு போட்டது அதற்கும் முன்னால். பூட்டிலும் ஓர் எண் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து மூக்கை உள்ளே விட்டு மோந்து பாருங்கள். சிரிக்காதீர்கள். பூஞ்சை வாடை அடிக்கும் பெட்டியை யாரும் வரவேற்பறையில் காபி மேஜையாகப் போடமாட்டார்கள். இன்று டிரங்கு வாங்குகிறவர்களில் பாதிப்பேர் அதற்குத்தான் வாங்குகிறார்கள்.

ஒப்பனைப் பெட்டி ஒரு தலைவலி. பிரஷ்களின் முதுகில், ஓரமாக, வலைபோலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரிந்தால் உண்மையான தந்தம். ஒரே திசையில் இணையாக ஓடினால் செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக். தந்தம் என்றால் 2022 ஜூன் முதல் பிரிட்டனில் விற்பதற்குத் தடை. 1947க்கு முந்தியது, தந்தத்தின் அளவு பத்து விழுக்காட்டுக்குக் கீழே என்றால் பதிவு செய்து விற்கலாம். பிரஷ் முதுகு முழுவதும் தந்தமாக இருந்தால் அந்தக் கணக்கில் வராது. அவற்றை எடுத்து வைத்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். வெள்ளி மூடிகளில் இருக்கும் முத்திரை எழுத்து ஆண்டைச் சொல்லிவிடும். முதலைத்தோலை வெளிநாட்டுக்கு அனுப்ப, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான அனுமதி வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் அதனாலேயே ஒதுங்குவார்கள். உண்மையைச் சொன்னால், பல சமயம் அந்தப் பெட்டி வெள்ளிக்கும் கண்ணாடிக்கும்தான் விலைபோகும்.

மல்லிகா_லெஸ்டர் எழுதியது:

பழைய_பூட்டு அண்ணா சொல்வதைக் கேளுங்கள். என் மாமியாருடைய பழைய பழுப்புத் தோல்பையை நான் ஷூ பாலீஷ் போட்டுப் 'புதுசாக்கினேன்'. ஏலக்கூடத்துப் பெண் வெள்ளைக் கையுறையோடு அதைத் தொட்டாள், கையுறை பழுப்பாகிவிட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு கேள்வி அண்ணா: 2025இல் நடிகை ஜேன் பர்கினின் ஹெர்மேஸ் பை பாரிஸில் 86 இலட்சம் யூரோவுக்குப் போனதாமே? அதில் ஒட்டுத்தடங்களும் கறையும் இருந்தனவே!

பழைய_பூட்டு எழுதியது:

அது 'பர்கின்' என்று அவர் பெயரிலேயே வரும் வகையில் செய்த முதல் பை, அவருக்காகவே செய்தது. வாரில் நகவெட்டி தொங்கும் படங்கள் உலகம் முழுவதும் இருக்கின்றன. அங்கே கறை ஆதாரம். நம் வீட்டுப் பையில் கறை வெறும் கறை. அந்தச் செய்தி வந்த பிறகு பரணில் இருக்கும் பையெல்லாம் கோடி என்று நினைத்து ஏமாந்தவர்கள் அதிகம்.

வாணி_ஹாரோ எழுதியது:

அண்ணா, வாரின் பின்னால் 'எஸ்' என்ற எழுத்து. சுற்றி வட்டமோ சதுரமோ இல்லை. அகலம் 32. தையல் சாய்ந்துதான் ஓடுகிறது. மூலைகள் தேய்ந்திருக்கின்றன, அதில் தொங்கவேண்டிய சின்னப் பூட்டைக் காணவில்லை. டிரங்குச் சீட்டில் 'ஷான்ஸ் எலிசே' என்றும் லண்டன் 'நியூ பாண்ட் ஸ்ட்ரீட்' என்றும் இருக்கிறது. பூஞ்சை வாடை இல்லை, அந்துருண்டை வாடைதான். வியாபாரி இன்று 2,200 என்று குறுஞ்செய்தி அனுப்பினார், 'மூன்றும் சேர்த்து' என்று மீண்டும்.

பழைய_பூட்டு எழுதியது:

'எஸ்' என்றால் 1963. பாருங்கள், அவர் 400 பவுண்டு ஏற்றியது டிரங்குக்கு அல்ல.

மூன்றையும் ஒரே இடத்தில் கொடுக்காதீர்கள். கைப்பையை, பைகளுக்கென்றே தனி விற்பனை நடத்தும் லண்டன் ஏலக்கூடத்துக்குக் கொண்டுபோங்கள். மதிப்பீடு இலவசம், இரண்டு இடத்தில் கேளுங்கள். மதிப்பீட்டைக் குறைவாகச் சொன்னால் கோபப்படாதீர்கள், கூட்டம் சேர்க்க அப்படித்தான் போடுவார்கள். அதற்குக் கீழே போனால் விற்கக்கூடாது என்று ஒரு தடைவிலையை மட்டும் எழுத்தில் வாங்குங்கள். கணக்கு இப்படி: ஏலம் 2,000 பவுண்டில் முடிந்தது, வாங்குகிறவரிடம் 25 விழுக்காடு, உங்களிடம் 15 விழுக்காடு கமிஷன் என்று வையுங்கள். கமிஷன் மீதான வரியோடு சேர்த்து வாங்குகிறவர் 2,600 கட்டுவார். அதேபோல உங்கள் கமிஷனையும் அதன் வரியையும் கழித்தால் உங்கள் கையில் 1,640. அதிலும் படம் எடுத்த செலவு, காப்பீடு என்று கழிப்பார்கள். கமிஷனைப் பேசிக் குறைக்கலாம், வெட்கப்படாமல் கேளுங்கள்.

அந்தச் சின்னப் பூட்டை ஒப்பனைப் பெட்டியின் குப்பிகளுக்குள் தேடினீர்களா? அந்தக் காலத்துப் பெண்கள் பவுடர் குப்பியில் எதையும் போட்டு வைப்பார்கள்.

வாணி_ஹாரோ எழுதியது:

பவுடர் குப்பியில்தான் அண்ணா! பூட்டு, இரண்டு குட்டிச் சாவிகள், கூடவே ஒரு பித்தளைச் சாவி. பித்தளைச் சாவியில் இருக்கும் எண்ணும் டிரங்குப் பூட்டில் இருக்கும் எண்ணும் ஒன்று.

பழைய_பூட்டு எழுதியது:

வியாபாரிக்கு இதைச் சொல்லாதீர்கள்.